கட்டுப்பாட்டு விலை

புதன் இரவு வர்த்தமானி.
வியாழன் பத்தரைக்கு ஜீப்.
சம்மாந்துறைச் சந்தியில் என் அரிசிக் கடைக்கு முன்னால்
இறங்கியவர்கள் இருவர்.
ஒருவருக்குத் தாகம். சோடா கொடுத்தேன்.
காசைத் தந்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தார்.
நேர்மையான ஆள்;
அதனால்தான் பயம் வந்தது.

நாட்டரிசி, கிலோ இருநூற்று இருபது என்று
கொழும்பில் அச்சடித்திருந்தார்கள்.
என் பலகையில் இருநூற்று முப்பத்தெட்டு.
சோக்கு இன்னும் விரலில் இருந்தது.

நீதிமன்றில் கேட்டார்கள்:
அந்தப் பதினெட்டு ரூபா யாருக்கு?

ஐயா,
மல்வத்தை வட்டைக்கு வாய்க்கால் தண்ணி பிந்தி வந்தது.
அறுவடை மெசின் பொலன்னறுவையிலிருந்து,
வந்து திரும்பும் டீசலும் நம் தலையில்.
ஈர நெல்லைத் தார் றோட்டில் நாலு நாள் கிண்டியவருக்கு ஒரு பங்கு.
கரண்ட் போய் மில்லில் பாதியாய் உடைந்த குருணலுக்கு ஒரு பங்கு.
லொறி, சாக்கு, நூல்.
எனக்கு மூன்றரை ரூபா.
அதிலும் எலிக்குக் கொஞ்சம்.

விலையை எழுதியது நான், உண்மை.
சொன்னது நானில்லை.
உங்கள் நெற்களஞ்சியத்தில் ஈரமானி இருக்கிறது.
முள் பதினேழைக் காட்டினால்
மூடையைத் திருப்பி அனுப்பிக் காயவைக்கச் சொல்கிறீர்கள்.
முள்ளைப் பிடித்துப் பதினாலுக்கு வளைப்பதில்லை.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
தண்டம் ஒரு லட்சம்.
ரிசீட்டை மடித்துத் தராசின் அடியில் வைத்தேன்.

வெள்ளி காலை
பலகையில் அரசாங்கத்தின் எண்.
கல்யாண மண்டபக்காரர் வேனோடு வந்தார்,
பதினொரு மூடை.
பத்து மணிக்குப் பெட்டி காலி.
நாலு மணிக்கு, மேசன் வேலைச் சம்பளத்தோடு
ஹாஜறாவின் மாப்பிள்ளை.
இருநூற்று இருபது என்று வாசித்தார்,
பெட்டியைப் பார்த்தார்,
மறுபடி பலகையை.
அந்த விலைக்கு என்னிடம் இருந்தது
சோக்குத்தூள் மட்டும்.

பின்கதவு?
சொல்கிறேன். இருந்தது. இருநூற்று அறுபது.
பயத்துக்கும் ஒரு கூலி சேர்ந்தது அதில்.
சோடா குடித்த அதிகாரியும் ஒருநாள் வந்தார்,
சாரத்தோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு,
முன்கதவால்.
இல்லை என்றேன்.
நம்பினார்.

மாலெவ்வை முதலாளிக்கு மூன்று மில்.
என் பேச்சு அவருக்குப் பிடித்துப்போயிற்று.
"கடைக்காரிக்கு விளங்கினது கச்சேரிக்கு விளங்கல்லியே,
விலைய அதுட பாட்டுல விடணும்"
என்று போன இடமெல்லாம் சொன்னார்.

மாசியில் கப்பல் வந்தது.
வெளிநாட்டரிசி, இருநூற்று ஐந்து.
நானும் இருபது மூடை எடுத்தேன்.
அதே முதலாளி, அதே வெள்ளைச் சேட்டு,
கையில் ஒரு மகஜர்:
இறக்குமதியை நிறுத்து. விவசாயியைக் காப்பாற்று.
நாற்பத்தொரு கையெழுத்து.
நாற்பத்திரண்டாவது கோட்டுக்கு மேல்
என் பெயரை அவரே எழுதிவைத்திருந்தார்.

பாட்டுல விடச் சொன்னீங்களே என்றேன்.
அது வேற, இது வேற என்றார்.
நல்ல பேனை.
மூடிக் கையில் கொடுத்தேன்.

ஹாஜறா அன்று ஐந்து கிலோ வாங்கினாள்.
மிச்சக் காசில் ஒரு டின்மீன்.

விளக்கு வைக்கிற நேரம் இராசநாயகம் வந்தார்,
தார் றோட்டில் நெல் கிண்டியவர்.
நெல்லுக்கு எண்பத்தெட்டுக்கு மேல் தரமாட்டார்களாம்.
அவர் விளைவித்தது நூற்றுப் பத்துக்கு.
"வழக்கில என்னையும் சேத்துக் கதைச்சாய் பிள்ள.
மகஜரில ஏன் இல்ல?"

பதில் இருந்தது.
நீதவானுக்குச் சொன்ன அதே பதில்.
அவர் தராசுத் தட்டில் ஒரு பிடி நெல்லை வைத்திருந்தார்,
மணி பார்க்க.
இரண்டு பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
ஒரு பிடிக்கெல்லாம்
அந்தத் தராசு அசைவதில்லை.